ரப்பர்க் காட்டின் கறுப்புக் காய்ச்சல்

பால்மரத்தைத் தொட்டுப் பிழைக்கும் நமக்கு, அம்மரத்தின் பிறந்தகம் தென் அமெரிக்காவின் அமேசான் காடு என்பது புதிய செய்தியன்று. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டின் தப்பஜோஸ் ஆற்றுப் பகுதியில் சேகரித்த ஏறத்தாழ 70,000 விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க வைக்கப்பட்டதும், 1877இல் 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்ததும், அவற்றுட் சில கோலகங்சாரில் ஊன்றப்பட்டதும் பள்ளிப் பாடத்திலேயே நாம் படித்தவை. மரம் நம்மிடம் வந்த கதை இது. அந்த மரத்தின் தாய்க்காட்டிலேயே இருந்து பால் வெட்டிப் பிழைத்தோரின் கதையை நாம் அவ்வளவாக அறியோம். அவர்களுடைய குடும்பங்களைப் பல தலைமுறைக் காலம் வாட்டிய ஒரு நோயைப் பற்றி இங்கு எழுதுகின்றோம். அந்நோய்க்குக் காரணமான கிருமிகள் இரண்டனுள் ஒன்று நம் நாட்டுத் தோட்டப்புறங்களிலும் உண்டு என்பதே இதனை எழுதத் தூண்டிய காரணம்.

காட்டுக்குள் ஒரு வீடு

பிரேசிலில் பால் வெட்டுவோரைச் 'செரிங்கேரோ' என்று அழைப்பர். அவர்களுட் பலர் அந்தக் காட்டின் பழங்குடிகள் அல்லர். நாட்டின் வடகிழக்கே உள்ள சியாரா மாநிலத்தில் 1877 முதல் 1879 வரை நிலவிய கொடிய பஞ்சத்துக்குத் தப்பி, முன்பணக் கடனுக்குக் கையொப்பமிட்டு, படகேறி வந்தோரின் வழித்தோன்றல்கள் அவர்களுள் ஏராளம். நம் முன்னோர் கங்காணியின் பின்னே நாகப்பட்டினத்தில் கப்பலேறிய கதைக்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை. இன்னொரு தொடர்பும் உண்டு. 1942இல் மலாயா ஜப்பானியரின் கைக்கு வீழ்ந்தபோது நேச நாடுகளுக்கு ரப்பர் கிடைக்கும் வழி அடைபட்டது. அந்தக் குறையை ஈடுசெய்யவே அடுத்த ஆண்டு முதல் ஏறத்தாழ 55,000 பேர் 'ரப்பர்ப் படைவீரர்' என்ற பெயரில் அமேசானுக்குள் அனுப்பப்பட்டனர். போர் முடிந்த பின்னர் அவர்களுட் பலருக்கு ஊர் திரும்பும் வழியே கிட்டவில்லை. இங்கே ஓர் ஆட்சி மாறியதன் விளைவு, உலகின் மறுகோடியில் அவர்களைக் காட்டுக்குள் தள்ளியது!

அங்கே மரங்கள் நம் தோட்டங்களில் உள்ளவைபோல் நிரை நிரையாக நிற்பதில்லை. காட்டு மரங்களுக்கிடையே இங்கொன்றும் அங்கொன்றுமாக வளர்ந்திருக்கும். ஒருவர் வெட்டும் நூறு, இருநூறு மரங்களை இணைத்து ஒற்றையடிப் பாதை ஒன்று காட்டுக்குள் வளைந்து செல்லும். விடியுமுன் 'பொரொங்கா' என்னும் எண்ணெய் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு வெட்டுக்குப் புறப்படுவர். ஒரு குடும்பத்தின் குடிசைக்கும் அடுத்த குடும்பத்தின் குடிசைக்கும் இடையே பல மணி நேர நடை. லயத்தில் ஒரு வீட்டில் குழந்தை அழுதால் பத்து வீட்டுக்குக் கேட்கும். அந்தக் காட்டிலோ, ஒரு வீட்டில் சாவு நேர்ந்தாலும் அடுத்த வீட்டார் அறிய நாளாகும். மருத்துவரைக் காண வேண்டுமாயின் ஆற்று வழியே படகில் நாட்கணக்காகப் பயணம் செய்து, புருஸ் ஆற்றங்கரைச் சிற்றூர்களாகிய லாப்ரியா, போக்கா தோ ஆக்ரி போன்ற இடங்களை அடைய வேண்டும்.

இந்த லாப்ரியாவின் பெயராலேயே அந்த நோய் அழைக்கப்படலாயிற்று. 'லாப்ரியாவின் கறுப்புக் காய்ச்சல்' என்றனர் மக்கள். முதலில் காய்ச்சலும் சோர்வும் உண்டாகும். பின்னர் கண்கள் மஞ்சளாகும். அதன்பின் நோயாளி கறுப்பு நிறத்தில் வாந்தியெடுப்பார். அக்கறுப்பு, வயிற்றினுள் கசிந்து திரிந்த இரத்தமே. தன்னிலை மறந்து பிதற்றுவார், கை கால்களை உதறுவார், முடிவில் நினைவிழப்பார். நோய் முற்றிய ஒரு வார காலத்துக்குள்ளேயே பலர் மாண்டனர். மாண்டோருள் பெரும்பாலோர் சிறுவரும் இளையோருமே. ஒரே வீட்டில் அண்ணன் போன சில நாளில் தம்பியும் போவது வழக்கமாயிருந்தது. பெற்றோர் இதனைச் சாபம் என்று எண்ணியிருந்தால் அவர்களைக் குறை கூறுவதற்கில்லை.

இரவல் சட்டை அணிந்த கிருமி

கொசுவினால் பரவும் மஞ்சள் காய்ச்சலே இது என்று மருத்துவர்கள் நெடுங்காலம் ஐயுற்றனர். அந்தக் காய்ச்சலும் அதே காட்டில் இருந்ததால் ஐயம் இயல்பானதே. ஆனால் மாண்டோரின் கல்லீரலை நுண்ணோக்காடியின் கீழ் வைத்து ஆராய்ந்தபோது, உயிரணுக்களுக்குள் நுண்ணிய கொழுப்புத் துளிகள் திரண்டு, அவை முசுக்கட்டைப் பழம்போலக் காட்சியளித்தன. மஞ்சள் காய்ச்சல் விட்டுச் செல்லும் தடம் இதுவன்று. 1950களில் இது தனியொரு நோய் என மருத்துவ ஏடுகளில் இடம்பெற்றது. காரணம் மட்டும் புலப்படவில்லை.

விடைக்கான முதல் திறவுகோல் எங்கோ ஆஸ்திரேலியாவில் கிடைத்தது. அந்நாட்டுப் பழங்குடி ஒருவரின் இரத்தத்தில் இதுவரை அறியப்படாத புரதம் ஒன்று இருப்பதை 1965இல் அமெரிக்க விஞ்ஞானி பாருக் புளும்பர்க் வெளியிட்டார். அது கல்லீரலைத் தாக்கும் ஒரு வைரஸ் கிருமியின் மேலுறை என்பது பின்னர் உறுதியாயிற்று. அந்தக் கிருமியே இன்று 'ஹெப்படைட்டிஸ் பி' எனப்படுகின்றது. ஹெப்படைட்டிஸ் என்பது கல்லீரல் அழற்சி என்று பொருள்படும். புளும்பர்க்குக்கு 1976இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதற்கடுத்த ஆண்டு இத்தாலிய மருத்துவர் மாரியோ ரிசெட்டோ, பி கிருமி உள்ள சில நோயாளிகளிடம் மட்டும் காணப்பட்ட மற்றொரு பொருளைக் கண்டறிந்தார். டெல்டா அல்லது ஹெப்படைட்டிஸ் டி என்னும் கிருமி அதுவே.

இந்த டெல்டா ஒரு விசித்திரமான கிருமி. தனக்கெனச் சட்டை இல்லாதது. பி கிருமியின் மேலுறையை இரவல் வாங்கி அணிந்தாலன்றி அது ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்குச் செல்ல இயலாது. ஆகவே பி கிருமி இல்லாத உடலில் டெல்டாவால் குடியேற முடியாது. ஆனால் பி கிருமியை ஏற்கெனவே சுமந்து கொண்டிருப்பவரின் உடலில் டெல்டா நுழைந்துவிட்டாலோ, அமைதியாக இருந்த நோய் சீறியெழும்.

பிரேசிலின் பெலேம் நகரிலுள்ள எவாண்ட்ரோ சாகஸ் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் கில்பெர்த்தா பென்சபாத்தும் அவருடைய குழுவினரும், லாப்ரியா காய்ச்சலில் மாண்டோரின் கல்லீரலையும் அவர்தம் உறவினரின் இரத்தத்தையும் ஆராய்ந்து, பி கிருமியைச் சுமப்போர் உடலில் டெல்டா நுழைந்ததே இம்மரணங்களுக்குக் காரணம் என்பதை 1987இல் வெளியிட்டனர். சாபம் என்றும் கொசு என்றும் எண்ணப்பட்டது, இரத்தத்தின் வழியே ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றிய இரட்டைக் கிருமி என்று தெளிவாயிற்று.

இவ்வாறு அழிவு நேர்ந்தது லாப்ரியாவில் மட்டுமன்று. வெனிசுவேலா நாட்டின் மலைப்பகுதியில் வாழும் யுக்பா பழங்குடியினரிடையே 1979க்கும் 1981க்கும் இடையில் இதே இரட்டை நோய் பரவியது. 149 பேர் நோயுற்றனர். அவருள் 34 பேர் இறந்தனர். சிறிய ஒரு சமூகத்துக்கு இது எத்தகைய இழப்பு என்பதை விளக்க வேண்டியதில்லை.

தொலைவு என்னும் துணைக் கிருமி

பட்டணத்திலும் இக்கிருமிகள் உண்டு. எனினும் காட்டுப்புறத்தில் அவை இவ்வளவு வேரூன்றியது ஏன்? பலரும் வறுமை என்று ஒரு சொல்லில் விடை கூறி முடித்துவிடுவர். அது முழு விடையன்று.

ஒரு தாயின் இரத்தத்தில் பி கிருமி இருந்தால், பிரசவ வேளையில் அது குழந்தைக்குத் தொற்றக்கூடும். பெரியவர் ஒருவருக்குப் பி கிருமி தொற்றினால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் அதனை வென்று விடுகின்றனர். பிறந்த குழந்தைக்குத் தொற்றினாலோ கணக்குத் தலைகீழாகும். அவ்வாறு தொற்றிய குழந்தைகளில் பத்தில் ஒன்பது அதனை வாழ்நாள் முழுவதும் சுமக்கின்றன. காய்ச்சலோ கண் மஞ்சளோ அவற்றிடம் காணப்படாது. ஓடியாடி வளரும். பள்ளி செல்லும். பால் வெட்டும். மணம் புரிந்து, அதனைத் தன் குழந்தைக்கும் கொடுக்கும். பின்னர் நாற்பது, ஐம்பது வயதில் வயிறு வீங்கி, கல்லீரல் சுருங்கி, அல்லது புற்றுநோய் கண்டு, அப்பொழுதுதான் மருத்துவமனைக்கு வரும்.

சிறு வீட்டில் பலர் நெருங்கி வாழும்போது, ஒரே சவரக் கத்தி, ஒரே பல் துலக்கி, ஆறாத புண், சிராய்ப்பு ஆகியவற்றின் வழியாகவும் கிருமி பரவுகின்றது. உடலுக்கு வெளியே, உலர்ந்த இரத்தத் துளியிலும் அது ஏழு நாட்களேனும் உயிர்த்திருக்க வல்லது. படகுக்கு வழியில்லாத ஊரில் பிரசவம் வீட்டிலேயே நிகழ்கின்றது. இரத்தப் பரிசோதனை இல்லை. பிறந்த நாளில் ஊசி போட ஆளில்லை. தடுப்பு மருந்தை இரண்டு முதல் எட்டு பாகை வெப்பநிலைக்குள் வைத்திருக்க வேண்டும். வெயிலில் கெடுவது ஒருபுறமிருக்க, உறைந்து போனாலும் அது பயனற்றதாகிவிடும். மின்சாரமே இல்லாத ஆற்றங்கரைக்கு அதனைப் பனிக்கட்டிப் பெட்டியில் சுமந்து செல்வது எளிய காரியமா? அக்காட்டில் தொலைவே கிருமிக்குத் துணை நின்றது.

1980களின் இறுதியில் பிரேசில் அரசாங்கம் மேற்கு அமேசான் பகுதியில் பி தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. பி கிருமிக்கு இடமில்லாத உடலில் டெல்டாவுக்கும் இடமில்லை அல்லவா? ஒரே ஊசி இரு கிருமிகளையும் தடுக்கின்றது. அதன்பின் அங்கே கறுப்புக் காய்ச்சல் அரிதாயிற்று. ஆயினும் ஊசிக்கு முற்பட்ட தலைமுறையினருள் கிருமியைச் சுமப்போர் அங்கு இன்னும் உள்ளனர்.

நம் தோட்டங்களில்

லாப்ரியா போன்ற கொள்ளை நம் நாட்டுத் தோட்டங்களில் நேர்ந்ததில்லை. ஆகவே வாசகர்கள் வீணே அஞ்ச வேண்டாம். ஆனால் டெல்டாவுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கும் அந்தப் பி கிருமி, டெல்டாவின் துணையின்றித் தானாகவே கல்லீரலைக் கெடுக்க வல்லது. உலகெங்கும் 2022ஆம் ஆண்டில் 25 கோடிக்கு மேற்பட்டோர் அதனைச் சுமந்திருந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அவருள் பெரும்பாலோர் தாம் சுமப்பதை அறியாதோர்.

மலேசியாவில் 1989ஆம் ஆண்டு முதல் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் பி தடுப்பூசி தேசியத் திட்டத்தின் கீழ் இலவசமாகப் போடப்பட்டு வருகின்றது. அவ்வாறாயின் 1989க்கு முன் பிறந்தோர்? இன்று வெட்டுக்குச் செல்லும் நடுத்தர வயதினரும், ஓய்வு பெற்றுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் தாத்தா பாட்டியரும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே. தனிமுயற்சியில் ஊசி போட்டுக்கொண்ட சிலரைத் தவிர மற்றோருக்கு அந்தக் காப்பு இல்லை. அயல்நாடுகளிலிருந்து வந்து நம்முடன் தோட்டங்களில் உழைப்போரிடையேயும் ஊசி போடாதோர் இருக்கலாம். இதனைச் சொல்வது அவர்களை ஒதுக்கி வைப்பதற்கன்று. ஒரே தட்டில் உண்பதனாலோ, கைகுலுக்குவதனாலோ, இருமல் தும்மலினாலோ, பெரட்டுக்களத்தில் அருகருகே நிற்பதனாலோ பி கிருமி தொற்றாது. தொற்றுவது இரத்தத்தின் வழியும், உடலுறவின் வழியும், தாயின் வழியுமே.

ஆகவே எச்சரிக்கை வேண்டிய இடங்கள் வேறு. முடி திருத்துவோர் ஒரே சவர அலகை அடுத்தடுத்த தலைகளுக்குப் பயன்படுத்துவது ஒன்று. குழந்தைக்கு முடியிறக்கும்போதும் காது குத்தும்போதும் புதிய அலகும் புதிய ஊசியும் வேண்டுமென்று கேட்பது மரியாதைக் குறைவாகாது. தைப்பூசத்தில் அலகு குத்திக்கொள்வோர், தமக்கெனத் தனி அலகு, கொதிநீரில் நன்கு காய்ச்சப்பட்டதாக, வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் உடலிலிருந்து எடுத்ததைத் துடைத்து மற்றவர் உடலில் குத்துவது பக்தியின் இலக்கணத்தில் இல்லை. பச்சை குத்திக்கொள்வதற்கும் இதுவே விதி. பால்வெட்டும் கத்தியினால் விரலில் காயம்பட்டால், கழுவிக் கட்டிய பின்னரே வெட்டைத் தொடர்க. இரத்தம் படிந்த கத்தியை மற்றவரிடம் கொடுக்குமுன் சவர்க்கார நீரில் கழுவுக.

கீழாநெல்லியும் மஞ்சள் காமாலையும்

'மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி இருக்கிறதே, ஆஸ்பத்திரி எதற்கு?' என்று கேட்கும் பெரியவர்கள் தோட்டங்களில் உண்டு. அவர்கள் அனுபவத்தில் பேசுகின்றனர். ஆனால் அந்த அனுபவத்தைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நாம் பொதுவாகக் கண்டுள்ள மஞ்சள் காமாலை, ஹெப்படைட்டிஸ் ஏ என்னும் கிருமியினால் வருவது. அது மலத்தின் வழி வெளியேறி, கிணற்று நீரையோ ஆற்று நீரையோ உணவையோ அடைந்து, வாய் வழியே மீண்டும் உடலுக்குள் நுழைகின்றது. சிறு குழந்தைகளுக்கு வந்தால் பெரும்பாலும் கண் மஞ்சளாகாமலே போய்விடும். பெரியவர்களுக்கு வந்தால் வாரக்கணக்கில் படுக்க வைக்கும். எனினும் உடல் தானாகவே அதனை வென்று விடுகின்றது. நாட்பட்ட நோயாக அது மாறுவதில்லை. நோய் தானே தணியும் அந்த வாரங்களில் கீழாநெல்லிச் சாறு பருகியிருந்தால், பெயர் கீழாநெல்லிக்குப் போகின்றது!

மூலிகையை இகழ்வது நம் நோக்கமன்று. விஞ்ஞானிகளே அதனைச் சோதித்துள்ளனர். 1988இல் சென்னை ஆய்வாளர்கள், முன்னர்க் கூறிய அதே புளும்பர்க்கின் ஒத்துழைப்புடன், பி கிருமியைச் சுமந்த 37 பேருக்குக் கீழாநெல்லித் தூளை 30 நாள் கொடுத்தனர். அவருள் 22 பேரின் இரத்தத்திலிருந்து கிருமியின் அடையாளம் மறைந்ததாக அறிவித்தபோது உலகமே வியந்தது. ஆனால் பின்னர் வேறு நாடுகளில் நடத்தப்பட்ட சோதனைகளில் அந்தப் பலன் மீண்டும் கிட்டவில்லை. ஆகவே அதனை நம்பி மருத்துவமனையைத் தவிர்ப்பது தகாது. மேலும், பி கிருமியைச் சுமப்பவருக்குக் கண்ணே மஞ்சளாவதில்லை எனும்போது, கீழாநெல்லியைத் தேடும் எண்ணந்தான் அவருக்கு எப்படித் தோன்றும்?

நீர்வழி வரும் கிருமிகளுள் இன்னொன்றாகிய 'இ' பற்றியும் ஒரு வார்த்தை. 1955, 1956ஆம் ஆண்டுகளில் டில்லி மாநகரின் குடிநீரில் கழிவுநீர் கலந்தபோது ஏறத்தாழ 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. அது இ கிருமியின் வேலை என்பது பல்லாண்டுகளுக்குப் பின்னரே தெரிந்தது. கர்ப்பிணிகளுக்கு, குறிப்பாகக் கடைசி மூன்று மாதங்களில், இது மிகக் கொடியது. நோயுற்ற கர்ப்பிணிகளில் ஐவருள் ஒருவர் வரை உயிரிழக்க நேரும். வெள்ளக் காலங்களில் கிணறு மூழ்கிய தோட்டங்களிலும், குழாய் நீர் தடைபட்டு ஓடை நீரை நாடும் இடங்களிலும், நீரைக் கொதிக்க வைத்தே பருக வேண்டும். நீர் வெறுமனே சூடேறினாற் போதாது, பொங்கிக் கொதிக்க வேண்டும்.

மஞ்சள் காமாலை கண்டவருக்கு உப்பில்லை, எண்ணெயில்லை என்று கடும் பத்தியம் வைத்து உடலை மேலும் நலிவுறச் செய்யத் தேவையில்லை. உடல் ஏற்கும் எளிய உணவைக் கொடுக்கலாம். கொடுக்கக் கூடாதது மதுவே. பி கிருமி ஒருபுறம் அரிக்க, சம்சு மறுபுறம் எரிக்க, எந்தக் கல்லீரல் தாங்கும்? காய்ச்சலுக்கும் வலிக்கும் உட்கொள்ளும் மாத்திரைகளையும் மருத்துவரைக் கேளாமல் அளவுக்கு மீறி விழுங்குதல் கூடாது.

இரத்தப் பரிசோதனை

பி கிருமி இருப்பதை இரத்தப் பரிசோதனையன்றி வேறெவ்வகையிலும் அறிய இயலாது. அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் இதற்கு வழி உண்டு. 'இருக்கிறது' என்று முடிவு வந்தால் வாழ்வு முடிந்ததென்று எண்ண வேண்டாம். கிருமியைச் சுமப்போர் எல்லாருக்கும் மருந்து தேவைப்படுவதில்லை. தேவைப்படுவோருக்கு நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரைகள் உள்ளன. அவை கிருமியை முற்றாக ஒழிப்பதில்லை. அடக்கி வைத்துக் கல்லீரலைக் காக்கின்றன. மாத்திரை வேண்டாதவரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் மருத்துவர் குறிக்கும் நாளில் சென்று வர வேண்டும். நலமாயிருக்கும்போது ஒரு நாள் வெட்டை விட்டுச் செல்வது பலருக்குக் கசப்பான காரியமே. ஆயினும் கல்லீரல் கெடுவதை நோயாளி உணரும் காலம் பெரும்பாலும் காலங்கடந்த காலமாகும்.

இரத்த வழி வரும் மற்றொரு கிருமியாகிய சி, 1989இல்தான் கண்டறியப்பட்டது. அதற்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் சில மாத மாத்திரையால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் முற்றிலும் குணமடைகின்றனர். அந்த மாத்திரையின் விலை முன்னாளில் எளியோர் எண்ணிப் பார்க்கவும் முடியாததாயிருந்தது. 2017இல் நம் அரசாங்கம் தனக்குள்ள சட்ட உரிமையைப் பயன்படுத்தி, காப்புரிமை பெற்ற மருந்தின் மலிவான வகையைப் பெற வழி செய்தது. மறு ஆண்டு முதல் அரசாங்க மருத்துவமனைகளில் அச்சிகிச்சை இலவசமாகக் கிடைக்கலாயிற்று. போதைப் பொருள் ஊசி பழகியோரும், பழங்காலத்தில் இரத்தம் ஏற்றிக்கொண்டோரும் இதற்கெனத் தனியே பரிசோதனை கேட்பது நன்று.

கர்ப்பிணிகள் தாய்சேய் நல நிலையத்தில் பெயர் பதியும்போதே பி பரிசோதனை பற்றிக் கேட்டறிய வேண்டும். தாய்க்குக் கிருமி இருப்பது முன்கூட்டியே தெரிந்தால், குழந்தை பிறந்தவுடன் தடுப்பூசியோடு, கிருமியை உடனடியாக எதிர்க்கும் மற்றோர் ஊசியும் சேர்த்துப் போடப்படும். முதல் ஊசி பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டும். வீட்டிலோ வழியிலோ பிரசவம் நேர்ந்துவிட்டால், மறுநாள் போகலாம் என்று தாமதியாமல், அன்றே குழந்தையைத் தூக்கிச் செல்க. அதன்பின் 2, 3, 5, 18 ஆகிய மாதங்களில் போடப்படும் கூட்டுத் தடுப்பூசியிலும் பி காப்பு அடங்கியுள்ளது. வெட்டு மும்முரத்தில் தவறிவிடக்கூடியது இந்தப் பதினெட்டாம் மாத ஊசிதான். குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தில் அதற்கான தேதி குறிக்கப்பட்டிருக்கும்.

ஒருவரின் இரத்தத்தில் கிருமி இருப்பது உறுதியானால், அவருடைய மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், முதிய தாய் ஆகிய அனைவரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். கிருமி இல்லாதோருக்கு எந்த வயதிலும் தடுப்பூசி போடலாம். பெரியவர்களுக்கு மூன்று ஊசிகள்: முதல் ஊசிக்கு ஒரு மாதங் கழித்து இரண்டாவது, ஆறு மாதங் கழித்து மூன்றாவது.